இரண்டு எஸ்கலேட்டரும் மேலே போன மால்

மால் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். அனுபவஸ்தர் நீங்கள்தான் என்றார்கள். எங்கள் ஊரில் ஒருவர் இனி வேலைக்கு ஆகமாட்டார் என்பதை மரியாதையாகச் சொல்ல வைத்திருக்கும் வார்த்தை அது. ஆகவே ஒத்துக்கொண்டேன்.

நீங்கள் இதற்கென்றே ஒரு படிப்பைப் படித்துவிட்டு வருகிறீர்களாம். வாசலைத் தாண்டி உள்ளே வரும் ஆளை 'ஃபுட்ஃபால்' என்கிறீர்கள். அந்த ஆள் ஒரு கைக்குட்டையாவது வாங்கிவிட்டால் 'கன்வர்ஷன்' என்கிறீர்கள். எனக்குத் தெரிந்த கன்வர்ஷன், பள்ளிக்கூடத்தில் அடியை மீட்டராக மாற்றச் சொல்லி வாத்தியார் அடித்தது மட்டும்தான். எங்கள் காலத்தில் இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு தகுதிதான் கேட்டார்கள். முன்பு பார்த்த வேலை போயிருக்க வேண்டும்.

எனக்குப் போயிருந்தது. திருப்பூரில் ஒரு சினிமா தியேட்டரில் நான் மேனேஜர். தியேட்டரை இடித்துப் பனியன் குடோன் கட்டினார்கள். எங்கள் ஊரில் எதை இடித்தாலும் அந்த இடத்தில் குடோன்தான் முளைக்கும், மண்வாகு அப்படி. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு ஏற்றுமதி முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"கூட்டத்தக் கட்டி மேய்ச்சவருன்னு சொன்னாங்க. நம்ம மாலுக்கு வந்துருங்க மேனேஜரே."

"மாலுன்னா என்னங்க?"

"பெரிய கடைங்க. ஆனா நாம ஒண்ணும் விக்க மாட்டமுங்க. கடைக்காரங்ககிட்ட வாடகை வாங்கிக்குவமுங்க."

"அப்ப காம்ப்ளெக்ஸுங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "காம்ப்ளெக்ஸுன்னு மட்டும் சொல்லீராதீங்க. இதுல ஏசி இருக்குது."

துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளைப் பார்க்கப் போன இடத்தில் அவர் ஒரு மாலைப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிருக்கும். ஊர் திரும்பியதும் பெருமாநல்லூர் ரோட்டில் சோளக்காட்டை வாங்கி அஸ்திவாரம் தோண்டிவிட்டார். செல்போன் சட்டைப் பையில் அடங்கும் அளவுக்குச் சின்னதாகி, மிஸ்டு கால் என்றொரு பாஷை புதிதாகப் பிறந்திருந்த காலம் அது.

கட்டடத்தோடு கூடவே ஓர் ஆலோசகரும் வந்து சேர்ந்தார். பெரிய நகரத்துக்காரர். சித்திரை மாத வெயிலில் கோட்டு போட்டிருந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றுவரை அவரை என் குருவாகவே வைத்திருக்கிறேன். ஒரு விஷயத்தில் எனக்குக் குழப்பம் வந்தால் இவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பேன். அதற்கு நேர் எதிராகச் செய்துவிடுவேன். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. இவ்வளவு நம்பகமான குரு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்கச் சொன்னது அவர்தான். ஐரோப்பாவில் அப்படித்தானாம். வெயிலுக்கு ஏங்கிக் கிடக்கிறவர்கள் கட்டுவதை, வெயிலுக்கு ஒளிந்து திரிகிறவர்கள் கட்டினோம். மதியத்துக்கு மேல் சூரியனும் ஏசி மெஷினும் மல்லுக்கட்டும். ஜெயித்தது யார் என்று மின்சார வாரியத்துக்குத் தெரியும்.

"நம் வாடிக்கையாளர் பிரீமியம் வர்க்கம்" என்றார் ஆலோசகர். அதாவது காரில் வருகிற ஏற்றுமதிக் குடும்பங்கள். அவர்களும் வந்தார்கள். திறப்பு விழா அன்று வந்து, கேக்கு சாப்பிட்டு, முதலாளியைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, துணி எடுக்கக் கோயமுத்தூர் போனார்கள். பெருமாநல்லூர் ரோட்டில் துணி எடுத்தோம் என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு என்ன பெருமை இருக்க முடியும்?

யாருக்காகக் கட்டவில்லையோ அவர்கள் வந்தார்கள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சுற்றுவட்டாரத்துப் பனியன் கம்பெனி ஜனமெல்லாம் லைன் வீடுகளில் இருந்தது. வரிசையாக அடுத்தடுத்து ஒற்றை அறைகள், மேலே சிமெண்ட் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அறைக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் ஏசி என்பது என்னவென்று தெரியும். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பார்த்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பெரும்பாலும் வாங்கவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் எஸ்தர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் தையல் லைனுக்குச் சூப்பர்வைசர். கணவர் கட்டிங் மாஸ்டர். அவருக்கு ஞாயிறும் ஓவர்டைம். ஆகவே ஆராதனை முடிந்ததும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எஸ்தர் மட்டும் வருவார். பெரியவள் ஜெனி, சின்னவள் ஷீபா. ஒருநாள் ஒரு பிராண்டு கடையில் குழந்தைகள் டீ-சர்ட் ஒன்றை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். கடைப் பையன் முறைத்துக்கொண்டிருந்தான். நான் போய் என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். எங்க கம்பெனில தச்சதுல்லா இது. கப்பலேறிப் போயிட்டுன்னு நெனச்சேன். திரும்ப நம்மகிட்டயே வந்து நிக்கி. நான் தச்சத நானே துட்டு குடுத்து வாங்கணுமாக்கும்?"

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம்.

ஆலோசகருக்கு இந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க வயிறெரிந்தது. இவர்கள் இருந்தால் பிரீமியம் வர்க்கம் வராது என்றார். இவர்கள் இல்லாத மற்ற ஆறு நாளும் அது ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் கம்ப்யூட்டரில் ஒரு படம் போட்டுக் காட்டுவார். ஒரு திங்கட்கிழமை வாசலில் போர்டு வைத்தார்: லுங்கிக்கும் ரப்பர் செருப்புக்கும் அனுமதி இல்லை.

வாசல் காவலுக்கு இருந்தவர் செல்லமுத்து. உள்ளூர்க்காரர். மாடு மேய்த்துவிட்டு, மாட்டை விற்றுவிட்டு, காக்கிச்சட்டை போட்டுக்கொண்டவர். விதி என்று ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டால் அது கல்வெட்டு. அந்த வாரமே அவர் பிடித்த முதல் ஆள், அரைக்கால் டவுசரும் ரப்பர் செருப்புமாக வந்த ஒரு வெள்ளைக்காரர். எங்கள் முதலாளியிடமே சரக்கு எடுக்கும் கம்பெனியின் ஆள் அவர். ஆர்டர் கொடுக்க ஊருக்கு வந்தவர், முதலாளி கட்டிய மாலைப் பார்ப்போமே என்று ஆசையாக வந்திருக்கிறார்.

ஆலோசகர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யோவ், ஃபாரினருக்கு விதிவிலக்கு!"

செல்லமுத்து நிஜமாகவே சந்தேகம் கேட்டார். "ஏனுங் சார், அப்ப நான் செருப்பப் பாக்கறதுங்களா, மூஞ்சியப் பாக்கறதுங்களா?"

வெள்ளைக்காரர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, வாசலை ஒட்டியிருந்த செருப்புக் கடையில் ஒரு ஷூ வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அந்தக் கடைக்கு அந்த வாரத்தில் அதுதான் பெரிய வியாபாரம். மாத அறிக்கையில் ஆலோசகர் எழுதினார்: 'ஆடைக்கட்டுப்பாட்டினால் கன்வர்ஷன் உயர்ந்துள்ளது.' எழுதத் தெரிந்தவர்களிடம் எப்போதும் ஜாக்கிரதையாக இருங்கள்.

போர்டு கொஞ்ச நாளில் தானாகவே போஸ்டர்களுக்குள் மறைந்தது. ஆனால் ஆலோசகரின் அடுத்த யோசனை அப்படிப் போகவில்லை. மாலில் இரண்டு எஸ்கலேட்டர்கள் இருந்தன. ஒன்று ஏற, ஒன்று இறங்க. இரண்டையுமே மேலே போகும்படி ஓட்டச் சொன்னார். எளிதாக இறங்க முடிகிற ஆள் எதையும் வாங்காமல் இறங்கிவிடுகிறானாம். மேலே ஏற்றிவிட்டால், இறங்குவதற்குத் தளத்தின் மறுமூலையிலுள்ள படிக்கட்டுக்கு நடக்க வேண்டும். நடக்கிற வழியில் எல்லாக் கடையும் கண்ணில் படும். எலிப்பொறி வைத்துப் பழகிய மூளைக்குத்தான் இது தோன்றும். அந்த மூலைப் படிக்கட்டும் சுற்றிக்கொண்டு வந்து அதே முன்வாசல் கூடத்தில்தான் இறங்கும்.

பின்பக்கமாக, லாரி வந்து சரக்கு இறக்கும் முற்றத்துக்குப் போக இன்னொரு படிக்கட்டு இருந்தது. ஆபத்துக்கு என்று கட்டியது. ஆபத்து வராத நாளில் அது வெறுமனே கிடக்கிறதே என்று அதையும் பொம்மைக் கடைக்காரருக்குச் சரக்கு வைக்க வாடகைக்கு விட்டார்கள். நான் மறுத்துப் பேசினேன். தியேட்டரில் இருந்த காலத்தில் பக்கவாட்டுக் கதவைப் பூட்டினால் எங்களுக்கு லைசென்ஸ் இருக்காது என்றேன்.

"மேனேஜர் சார், இது தியேட்டர் இல்லை" என்றார் ஆலோசகர்.

உண்மைதான். தியேட்டரில் டிக்கெட் கிழிப்பதால் உள்ளே எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிகளில் போனஸ் போட்டிருந்தார்கள். இந்த முறை ஜனம் வாங்குவதற்கென்றே வந்திருந்தது. முதலாளி ஒரு கல்யாணத்துக்கு அவிநாசி போயிருந்தார். சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே வானம் கறுத்து மழை கொட்டியது. ரோட்டோரம் கடை போட்டிருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், வண்டியில் போனவர்கள் எல்லோரும் எங்கள் வாசலை நோக்கி ஓடி வந்தார்கள். மழைக்கு ஒதுங்குகிறவனிடம் பிரீமியம் வர்க்கமா என்று கேட்க முடியுமா?

நான் மேல் தளத்தில், எஸ்கலேட்டர் தலைப்பில் நின்றிருந்தேன். கரண்ட் போனது. இரண்டு எஸ்கலேட்டரும் நடுவில் ஆட்களோடு நின்றன. ஏசியும் மைக்கும் அடங்கின. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு, மூன்றாவது முறை கரும்புகையாகக் கக்கியது. அந்தப் புகை ஏசிக் குழாய் வழியாக நேராக மேல் தளத்துக்கு வந்தது. அதே நேரத்தில் வெளியே எவனோ சரவெடி பற்றவைத்தான். மழையிலும் வெடிக்கிற வெடி எங்கே வாங்கினானோ!

"தீ!" என்று ஒரு குரல்.

அவ்வளவுதான். மேலே இருந்தவர்கள் எல்லோரும் எஸ்கலேட்டர் பக்கம் திரும்பினார்கள். கீழே இருந்து மழைக்கூட்டம் உள்ளே முட்டிக்கொண்டிருந்தது. நின்றுபோன எஸ்கலேட்டரில் நடுவே மாட்டியவர்களால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கைப்பிடியைத் தாண்டி ஒரு பெண்ணின் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையை இன்றும் மறக்க முடியவில்லை.

என் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கத்தியது. தரைத்தள ஆபீஸிலிருந்து ஆலோசகர். "செல்லமுத்து, மெயின் ஷட்டரை இறக்கு! இந்தக் குழப்பத்துல சரக்கு எல்லாம் வெளிய போயிடும்!"

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நெருக்கடியில் நீங்கள் கேட்கும் முதல் உத்தரவு பெரும்பாலும் சரக்கைப் பற்றியதாகத்தான் இருக்கும். சரக்குக்குக் கால் கிடையாது. அதை யாரும் மிதித்துச் சாகடிக்க முடியாது. சரக்கைப் பற்றிப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

நான் பட்டனை அழுத்தினேன். "செல்லமுத்து, ஷட்டர இறக்காதீங்க. புதுசா யாரையும் உள்ள விடாதீங்க. நனையறவங்களக் கார் நிறுத்தற எடத்துக்குத் திருப்பி விடுங்க. அங்க கூரை இருக்குது. உள்ள இருக்கறவங்கள வெளிய விடுங்க."

"ஏனுங், அவரு சாத்தச் சொல்றாருங்க, நீங்க தொறக்கச் சொல்றீங்க. நான் யாரு பேச்சக் கேக்கறதுங்க?"

"உள்ள உங்க சம்சாரம் இருந்தா யாரு பேச்சக் கேப்பீங்க?"

"அவ பேச்சத்தானுங்க."

"அவங்க தொறக்கச் சொல்றாங்க!"

"சரிங்க." கல்வெட்டு மனிதர் அன்று ஒரு கல்வெட்டை உடைத்தார்.

கீழே வழி திறந்தாலும் மேலே இருந்தவர்கள் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். தியேட்டரில் நான் கற்றது ஒன்று. கரண்ட் போனால் விசிலடிப்பவனால் ஆபத்தில்லை. சீட்டில் இருந்து எழுந்து நிற்பவனால்தான் ஆபத்து. "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லவே கூடாது. அதைக் கேட்ட பிறகுதான் பயப்பட ஏதோ இருக்கிறது என்று ஜனத்துக்குத் தெரியும். செய்வதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். "உக்காருங்க!" என்று கத்தினேன். என் குரல் என் காதுக்கே எட்டவில்லை.

அப்போதுதான் என் சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். எஸ்தர். ஒரு கையில் ஜெனி. மற்றக் கை வெறுமையாக இருந்தது.

"சார், ஷீபா கீழ போயிட்டா. கைய விட்டுட்டு நின்ன எஸ்கலேட்டர்ல முன்னாடி எறங்கிட்டா. எம் புள்ள கீழ கெடக்கா சார். வழி விடுங்க, நான் போணும்."

எஸ்தர் போனால் அவர் பின்னால் நூறு பேர் போவார்கள். அத்தனை பேரும் எஸ்கலேட்டரில் மாட்டியவர்கள் மேல் விழுவார்கள். ஷீபாவும் அவர்களுக்கு நடுவே இருக்கலாம். இதை விளக்க நேரமில்லை. ஒரு தாயிடம் விளக்கக்கூடிய விஷயமும் இல்லை.

"நீங்க போகக்கூடாதும்மா" என்றேன். "இவங்கள உக்கார வைங்க. தையல் லைன்ல சத்தம் போடுவீங்கல்ல, அந்தச் சத்தம் போடுங்க. இவங்க உக்காந்தாத்தான் கீழ இருக்கறவங்க பொழைப்பாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு, அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். பிறகு திரும்பினார். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை.

"ஏய்! எல்லாரும் உக்காருங்க! அப்படியே தரையில உக்காருங்க! கீழ சின்னப் புள்ளைங்க கெடக்கு! ஏ நீல சட்ட, ஒன்னத்தான் சொல்லுதேன், உக்காருல!"

நீலச் சட்டை உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு சூப்பர்வைசர் சத்தம் போட்டால் உட்காருவது என்பது அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு உடம்பில் ஊறிய பழக்கம். அலை மாதிரிப் பின்னால் வரை உட்கார்ந்துகொண்டே போனார்கள். உட்கார்ந்திருக்கும் கூட்டம் யாரையும் மிதிக்காது.

எஸ்கலேட்டரில் மாட்டியவர்கள் மேல் இருந்த அழுத்தம் குறைந்தது. முண்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தார்கள்.

மூலைப் படிக்கட்டும் அந்த நெரிசலுக்குள்தான் போய் இறங்கும் என்பதால் நான் பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடினேன். கதவில் பூட்டு. பொம்மைக் கடைக்காரர் கைகளை விரித்துக்கொண்டு முன்னால் நின்றார்.

"சார், சாவி ஊட்டுல இருக்குதுங்க. உள்ள தீபாவளி ஸ்டாக் பூரா இருக்குதுங்க சார்!"

சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று மாட்டியிருந்தது. அதைக் கழற்றிப் பூட்டில் ஓங்கி அடித்தேன். அந்த மாலில் தீயணைப்புக் கருவி முதன்முதலாகப் பயன்பட்டது அன்றுதான். கதவு திறந்ததும் பெட்டிகள் சரிந்தன. கரடி பொம்மைகளும் பிளாஸ்டிக் கார்களும் படிக்கட்டில் உருண்டோடின. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாலைந்து ஆண்களைக் கூப்பிட்டேன். கைமாற்றிக் கைமாற்றிப் பெட்டிகளைக் கீழே இறக்கினார்கள். வழி தெரிந்தது. எஸ்தர் வரிசை வரிசையாக எழுப்பி அனுப்பினார். கைக்குழந்தைக்காரர்கள் முதலில், வயசானவர்கள் அடுத்து. எந்த வரிசையிலும் அவர் எழுந்து போகவில்லை. ஜெனியும் அவர் புடவையைப் பிடித்தபடியே நின்றாள்.

கடைசி வரிசை இறங்கிய பிறகு இரண்டு பேரும் கீழே ஓடினோம். கூடம் முழுக்க ஒற்றைச் செருப்புகள், கிழிந்த பைகள், யாருடையதோ உடைந்த வளையல்கள். ஒரு பெரியவருக்கு முழங்கால் பிசகியிருந்தது. ஒரு பெண்ணுக்குக் கை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஷீபாவைக் காணவில்லை.

எஸ்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேலே அத்தனை பேரை உட்கார வைத்த குரலில் இப்போது காற்றுத்தான் வந்தது. ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே போனோம். செருப்புக் கடையில் வேலை பார்த்த பெண், கல்லாவுக்குப் பின்னால் குனிந்து பெட்டிகளை நகர்த்தினாள். அங்கே ஷீபா உட்கார்ந்திருந்தாள். நெரிசலில் விழுந்த பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டுப் பெட்டிகளால் அணை கட்டியிருக்கிறாள் அந்தப் பெண். முழங்கை சிராய்ப்பு, அழுது வீங்கிய முகம். வேறொன்றும் இல்லை.

எஸ்தர் பிள்ளையைத் தூக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷீபாதான் எழுந்து வந்து மடியில் ஏறிக்கொண்டாள். நான் வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் உட்கார வேண்டும்போல இருந்தது.

மறுநாள் முதலாளி கூட்டம் போட்டார். ஆலோசகர் படம் போட்டுக் காட்டினார். 'திட்டமிட்டபடி வெளியேற்றம் நடந்தது' என்று முதல் வரி. எங்கள் திட்டத்தில் கரடி பொம்மை எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேனேஜரே, அத்தன கூட்டம் வந்துச்சுங்களா நம்ம மாலுக்கு?"

கண்ணில் ஒரு பெருமிதம். மனிதர்கள் அப்படித்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் அவரைப் பின்பக்கப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனேன். நெளிந்த பூட்டைக் காட்டினேன். எஸ்கலேட்டர் கைப்பிடியில் ஒட்டியிருந்த வளையல் துண்டுகளைக் காட்டினேன். அவர் அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். 

"கீழ எறங்கறதுக்கு ஒண்ணு ஓட்டீருங்க" என்றார். "அந்தப் படிக்கட்டுல இனி யாரும் ஒரு துரும்பு வைக்கக் கூடாது."

ஆலோசகர் சும்மா இருப்பாரா? பொங்கலுக்கு விழா எடுத்து, எஸ்தருக்குச் சால்வை போர்த்தினால் கெட்ட பேரெல்லாம் நல்ல பேராகும் என்றார். மேடை போட்டார்கள். எஸ்தர் வந்தார். போட்டோ எடுத்தார்கள். நன்றி சொல்லச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள்.

"சால்வைக்கு நன்றி சார். ஆனா எங்க ரூம்ல இத எங்க போத்திக்கிட? வேர்த்துல்லா ஊத்துது" என்றார். கூட்டம் சிரித்தது. "மேல மாடில உக்கார நாலு பெஞ்சு போட்டுக் குடுங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கால் கடுக்க நிக்கோம். தரையில உக்காந்தா எந்திரின்னு வெரட்டுதாவ. எங்கள உக்காருங்கன்னு இந்த மால்ல சொன்னது அந்த ஒருநாள் மட்டுந்தான்."

உட்கார்ந்த வாடிக்கையாளர் வாங்கமாட்டார் என்பது ஆலோசகரின் கொள்கை. முதலாளி அவர் முகத்தைப் பார்க்காமலே, "போட்டரலாமுங்க" என்றார்.

மேடைக்குப் பின்னால் எஸ்தரிடம் கேட்டேன், என் மேல் கோபமா என்று.

"கோவந்தான் சார். இப்பவும் இருக்கு. நீங்க சரியாத்தான் சொன்னிய. அதுக்காவக் கோவம் போயிருமா?"

சரியான முடிவெடுத்தால் எல்லோரும் உங்களை வாழ்த்துவார்கள் என்று உங்கள் படிப்பில் சொல்லியிருந்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

அதன் பிறகு சில வருடங்கள் மால் ஓடியது. பிறகு அமெரிக்காவில் யாரோ வீட்டுக்கடன் கட்டவில்லை என்று நெருப்பெரிச்சலில் தையல் மெஷின் நின்றது. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆலோசகர் விளக்குவதற்குள் அவரே வேறு நகரத்தில் வேறு மால் கட்டப் போய்விட்டார். பிராண்டு கடைகள் ஒவ்வொன்றாகக் காலி செய்தன. கண்ணாடிக்குள் துணியில்லாத பொம்மைகள் கைகளை நீட்டிக்கொண்டு நின்றன. எஸ்தரின் கம்பெனியும் ஆளைக் குறைத்தது. வேலையில்லாத ஜனம் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போனது. பல குடும்பங்கள் தெற்கே பஸ் ஏறின.

முதலாளி காலித் தளத்தை ஒரு சுற்று வந்தார். மூடிவிட்டுக் குடோனாக்கிவிடலாம் என்றார். மண்வாகு என்று சொன்னேன் அல்லவா?

அந்த வாரம் எஸ்தரும் அவர் கூட வேலை பார்த்த இரண்டு பெண்களும் என்னிடம் வந்தார்கள். "எடம் சும்மாத்தான கெடக்கு சார்? குடுத்தா பிள்ளையளுக்கு உடுப்பு தச்சு விப்போம். அளவெடுத்து அங்கனயே தச்சுக் குடுப்போம்" என்றார் எஸ்தர்.

முதலாளிக்குச் சங்கடம். "நம்ம மால்ல திருப்பூர்த் துணிய விக்கறதுங்களா? வெளிய தெரிஞ்சா கேவலமுங்களே."

உலகத்துக்கே சட்டை தைத்துக் கொடுத்த ஊர் தன் சட்டைக்கு வெட்கப்பட்டது. நான் விடவில்லை. குடோனாக்கினால் ஊருக்கு இன்னொரு குடோன். கொடுத்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்றேன். அரைமனதாகச் சம்மதித்தார். எஸ்தரின் கடைக்குப் பக்கத்தில் குக்கர், மிக்சி ரிப்பேர் செய்பவர் வந்தார். பள்ளிக்கூடப் பை விற்பவர் வந்தார். தெக்கத்திச் சீமைக்குப் பஸ் டிக்கெட் போடும் ஆள் வந்தார். ஹிந்தி பேசும் பிள்ளைகள் ரொட்டிக்கடை போட்டார்கள். நான் ஓய்வு பெறும்போது மேல் தளத்தில் காலி இடம் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு உடுப்பு எடுக்கப் போயிருந்தேன். மேல் தளத்தில் கோட்டுப் போட்ட ஒருவர், கழுத்தில் அட்டை தொங்கும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை நிற்கவைத்து இங்கிலீஷில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். என் குருதான். தலை நரைத்திருந்தது, கோட்டு நரைக்கவில்லை. 'உள்ளூர்ச் சந்தையைப் புரிந்துகொண்டு நாங்கள் அன்றே தீட்டிய திட்டம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். உங்களில் சிலர்கூட அதில் இருந்திருக்கலாம்.

என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு கைகுலுக்கினார். எஸ்தரின் கடையைக் காட்டி, இந்த வெற்றிக்கு என்ன காரணம் என்று கடைக்காரரிடமே கேட்போம் என்று பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்பினார்.

எஸ்தர் ஒரு குழந்தைக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார். நடைபாதைய அடச்சிக்கிட்டு நிக்கிய. ஆளு போணும்லா."

பத்துப் பன்னிரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். கடைசியாக என் குருவும் ஒதுங்கினார்.